தைராய்டுக் கட்டியும் படக்கருவிகளும்: ஒரு கேள்வியின் வரலாறு

தைராய்டுச் சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. மிகச் சிலவே புற்று. வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். கழுத்தை அறுத்துத் திறக்காமலேயே பிரித்தறிய முடியுமா என்ற கேள்வியை மருத்துவ உலகம் 80 ஆண்டுகளாகப் படக்கருவிகளிடம் கேட்டு வருகிறது. ஒவ்வொரு கருவியும் முந்தையதைவிடத் தெளிவான படத்தைத் தந்தது. ஆனால் கேட்ட கேள்வி ஒன்று, கருவி சொன்ன விடை வேறொன்று. அந்த இடைவெளியில் இலட்சக்கணக்கானோர், அவர்களுள் மிகுதியும் பெண்கள், தேவையற்ற அறுவைக்கு உள்ளாயினர். வட்டத் தலைநகர் வரை அல்ட்ராசவுண்ட் கருவி வந்துவிட்ட இந்தியாவில் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது இன்றைய தேவை.

படக்கருவிகளுக்கு முன்னர் மருத்துவரின் விரல்களே கருவி. கட்டி கல்போல் கடினமாக இருக்கிறதா, விழுங்கும்போது மேலும் கீழும் நகர்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தனர். இந்த அடையாளங்கள் எல்லாம் வெளிப்படும்போது புற்று பெரும்பாலும் முற்றியிருக்கும். அதற்காக ஐயத்திற்குரிய சுரப்பியை எல்லாம் முழுதாக எடுத்துவிடவும் முடியாது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் இதனை 1883-இல் உலகுக்கு உணர்த்தினார். சுரப்பியை முற்றாக அகற்றிய தம் நோயாளிகளில் பலர் பின்னாளில் உடல் ஊதி, அறிவு மந்தமாகி, செயலிழந்து போயினர் என்று அவரே பதிவு செய்தார். பின்னர் முழு நீக்கத்தைத் தவிர்க்கத் தொடங்கினார். தைராய்டு ஆய்வுக்காக 1909-இல் நோபல் பரிசு பெற்ற அவரது அனுபவம் சொன்ன பாடம் தெளிவானது: சுரப்பியை எடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆகவே எதை எடுக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதே தைராய்டு மருத்துவத்தின் மையக் கேள்வி ஆயிற்று.

அதற்கான முதல் வழி இயற்பியலிலிருந்து பிறந்தது. 1937 நவம்பர் 12 அன்று பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் கார்ல் காம்ப்டன், இயற்பியல் மருத்துவத்துக்கு என்ன செய்ய முடியும் என்பது குறித்து உரையாற்றினார். கேட்டுக்கொண்டிருந்த இளம் மருத்துவர் சால் ஹெர்ட்ஸ் ஒரு கேள்வி எழுப்பினார்: அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உடையதாக்க முடியுமா? உடலுக்குள் வரும் அயோடினைத் தைராய்டு தேடி எடுத்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். அந்த அயோடின் கதிர்வீசுமானால், சுரப்பி தன் இருப்பையும் இயக்கத்தையும் தானே வெளியே அறிவித்துவிடும். ஹெர்ட்ஸும் இயற்பியலாளர் ஆர்தர் ராபர்ட்ஸும் முதலில் 48 முயல்களில் இதனைச் சோதித்தனர். அவர்கள் பயன்படுத்திய அயோடின்-128, 25 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். கலிபோர்னியாவில் ஜோசப் ஹாமில்டன் என்ற மருத்துவர், ஒரு வாரமேனும் நிலைக்கும் அயோடின் வேண்டும் என்று கிளென் சீபார்க்கிடம் கேட்டார். சீபார்க்கும் ஜான் லிவிங்கூடும் 1938-இல் அயோடின்-131-ஐக் கண்டனர். அதன் அரை ஆயுள் 8 நாள்.

தொடக்கத்தில் கழுத்தின் மீது கதிர் அளக்கும் கருவியை வைத்துப் புள்ளி புள்ளியாகக் கணக்கெடுத்தனர். 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் பெனடிக்ட் காசன் உருவாக்கிய கருவி, கழுத்தின் மேல் வரிவரியாகத் தானே நகர்ந்து, கதிர் வரும் இடங்களைத் தாளில் புள்ளிகளாகப் பதித்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஹால் ஆங்கர் உருவாக்கிய காமா கேமரா, சுரப்பி முழுவதையும் ஒரே நேரத்தில் படமாக்கியது. படத்தில் அயோடினை மிகுதியாக எடுத்துக்கொண்ட பகுதி 'சூடான கட்டி' எனவும், எடுத்துக்கொள்ளாமல் வெற்றிடமாகத் தெரிந்த பகுதி 'குளிர்ந்த கட்டி' எனவும் பெயர் பெற்றது.

இங்கிருந்து ஒரு கவர்ச்சியான தருக்கம் பிறந்தது. புற்றுச் செல் தன் இயல்பான தொழிலை மறந்த செல். ஆகவே அது அயோடினை எடுக்காது. ஆகவே குளிர்ந்த கட்டி புற்றாக இருக்கலாம். தருக்கத்தில் பிழையில்லை. ஆனால் நீர் நிறைந்த பை, பழைய இரத்தக்கசிவு, தழும்பு, தீங்கற்ற செல் திரட்சி ஆகியவையும் அயோடினை எடுப்பதில்லை. குளிர்ந்த கட்டிகளில் புற்று இருப்பது ஏறத்தாழ நூற்றுக்கு 5 முதல் 15 வரைதான். அதேவேளையில் கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை குளிர்ந்தவையே. எனவே கதிரியக்கப் படத்தால் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்று: சூடான கட்டி ஏறத்தாழ எப்போதும் புற்றன்று. அந்தக் கருவி அறிந்தது திசுவின் தொழிலை. மருத்துவர் அறிய விரும்பியதோ திசுவின் தன்மையை. இன்றும் இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவு குறைந்திருந்தால் மட்டுமே கதிரியக்கப் படம் முதலில் எடுக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். சூடான கட்டி இருக்க வாய்ப்புள்ள நிலை அது.

இந்தியாவில் இக்கருவி வேறொரு பணியைச் செய்தது. 1956 ஆகஸ்டில் டிராம்பேயில் அப்சரா அணுஉலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் கதிரியக்க மருத்துவத்துக்கான நிறுவனங்கள் உருவாயின. தில்லியில் 1961-இல் அணு மருத்துவம் மற்றும் தொடர்புடைய அறிவியல்களுக்கான நிறுவனமும், பம்பாயில் 1963-இல் கதிரியக்க மருத்துவ மையமும் அவற்றுள் முதன்மையானவை. அதே 1956-இல் இமயமலை அடிவாரத்தின் காங்ரா பள்ளத்தாக்கில், கழுத்துக் கழலை பரவலாக இருந்த ஊர்களில், வெ. இராமலிங்கசாமியும் உடன் பணியாற்றியோரும் ஒரு நீண்ட கள ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டில் அயோடின் கலந்த உப்பும் ஒன்றில் சாதாரண உப்பும் வழங்கினர். கழலைப் பகுதி மக்களின் சுரப்பிகள் கதிரியக்க அயோடினை மிகுந்த வேகத்தில் உள்வாங்கின. அவர்களின் சிறுநீரிலோ அயோடின் மிகக் குறைவாக இருந்தது. அயோடினுக்கு ஏங்கிக் கிடந்த சுரப்பிகள் அவை. சில ஆண்டுகளில், அயோடின் உப்பு பெற்ற இரு பகுதிகளில் கழலை குறைந்தது, மற்றதில் குறையவில்லை. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டதற்கு இந்த ஆய்வு அடிப்படையாக அமைந்தது.

தனி ஒருவருக்குப் புற்று உண்டா என்பதற்கு விடை தராத அதே அயோடின், ஒரு மக்கள்திரளின் உணவில் என்ன குறை என்பதற்குத் துல்லியமான விடை தந்தது. கருவி மாறவில்லை, அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி மாறியது. பல்லாண்டுக் கழலையில் டஜன் கணக்கான முடிச்சுகளும் நீர்ப்பைகளும் தழும்புகளும் நிறைந்திருக்கும். அங்கே எந்தக் குளிர்ந்த புள்ளி புற்று என்று படத்தைப் பார்த்துச் சொல்வது இயலாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அயோடின் குறைந்த நிலப்பகுதிகளில் ஃபாலிகுலர் வகைப் புற்றின் விகிதம் கூடுதல். படத்துக்கும் ஊசிக்கும் எளிதில் பிடிபடாத வகை அது.

ஊசியின் கதை சுவீடனில் வளர்ந்தது. 1950-களிலிருந்து ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, உறிஞ்சி எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் முறை செம்மையாக்கப்பட்டது. இன்றுவரை தைராய்டுக் கட்டிக்கு மிக நம்பகமான முன்சோதனை இதுவே. பேப்பில்லரி வகைப் புற்றின் செல்கள் தனி முகம் கொண்டவை. ஊசியிலேயே அடையாளம் தெரிந்துவிடும். ஃபாலிகுலர் வகையில் அப்படியில்லை. தீங்கற்ற கட்டியின் செல்லும் புற்றின் செல்லும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையை அல்லது இரத்தநாளத்தைச் செல்கள் துளைத்துச் சென்றிருக்கின்றனவா என்பதே அங்கு அளவுகோல். வெளியே எடுத்த கட்டியின் உறையை வெட்டிப் பார்த்தால்தான் அது தெரியும். 2007-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடிய வல்லுநர்கள் ஊசிச் சோதனை முடிவுகளை 6 வகையாகப் பிரித்தபோது, நடுவில் உறுதியற்ற வகைகளுக்கும் இடம் கொடுக்க நேர்ந்தது.

இதற்கிடையில் ஒலியலை வந்தது. 1967-இல் ஜப்பானில் ஃபுஜிமோட்டோவும் உடன் பணியாற்றியோரும் அல்ட்ராசவுண்டைத் தைராய்டுக்குப் பயன்படுத்தி, எதிரொலிக் கோலங்களை நான்காக வகைப்படுத்தினர். தொடக்கத்தில் அதன் பயன் கட்டிக்குள் இருப்பது நீரா திசுவா என்று சொல்வதோடு நின்றது. தைராய்டு தோலுக்கு மிக அருகில் இருப்பதால், உயர் அலைவெண் கருவிகள் வந்தபின் ஓரிரு மில்லிமீட்டர் அளவு நுட்பங்களும் தெரியத் தொடங்கின. ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக அடையாளங்களைச் சேகரித்தனர்: சுற்றியுள்ள திசுவைவிடக் கருத்துத் தெரிதல், ஒழுங்கற்ற விளிம்பு, உள்ளே மணல்துகள் போன்ற வெண்புள்ளிகள். அவ்வெண்புள்ளிகளில் பல, பேப்பில்லரி புற்றில் படியும் நுண்ணிய சுண்ணாம்பு மணிகள். 2002-இல் கொரிய ஆய்வாளர்கள் மற்றோர் அடையாளத்தைச் சேர்த்தனர்: அகலத்தைவிட உயரம் மிகுந்த கட்டி. தீங்கற்ற கட்டி திசுவின் போக்கிலேயே படுத்து வளரும். புற்று அந்தப் போக்கைக் குறுக்கே வெட்டி வளரும் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம்.

இந்த அடையாளங்களைக் கொண்டு பேப்பில்லரி புற்றை நன்றாகவே ஐயுற முடிந்தது. படமும் ஊசியும் கைகோத்தன. 5 மில்லிமீட்டர் கட்டிக்குள்ளும் ஊசியைச் செலுத்த முடிந்தது. வெற்றி கிட்டியதாகத் தோன்றிய இந்த இடத்தில்தான் வரலாறு திரும்புகிறது.

விரலால் தொட்டுப் பார்த்தால் 100 பேரில் 4 முதல் 7 பேருக்குக் கட்டி தட்டுப்படும். அல்ட்ராசவுண்டில் பார்த்தால் 19 முதல் 68 பேருக்குத் தெரியும். அவற்றுள் சில சிறு புற்றுகளாகவும் இருக்கும். ஃபின்லாந்தில் 1985-இல் வெளியான ஓர் ஆய்வு இதனை முன்பே சொல்லியிருந்தது. வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டுகளை மெல்லிய துண்டுகளாக்கிப் பார்த்தபோது, 36 பேரிடம் பேப்பில்லரி புற்று இருந்தது. உயிரோடு இருந்தவரை அது அவர்களுக்குத் தெரியாது. அதனால் எந்தத் துன்பமும் இல்லை. இத்தகைய நுண்புற்றை இயல்பான ஒன்றாகவே கொள்ளலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினர். அல்ட்ராசவுண்ட் கருவி உலகெங்கும் பரவியபோது, இந்த மறைந்திருந்த ஏரியின் மீதுதான் அதன் ஒலி விழுந்தது.

அதன் விளைவு தென் கொரியாவில் மிகத் தெளிவாக வெளிப்பட்டது. அங்கு 1999-இல் தேசியப் புற்றுநோய்க் கண்டறிதல் திட்டம் தொடங்கியது. தைராய்டு அத்திட்டத்தில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குச் சிறு கூடுதல் கட்டணத்தில் கழுத்து அல்ட்ராசவுண்டையும் மருத்துவமனைகள் சேர்த்து வழங்கின. 2011-இல் தைராய்டுப் புற்று கண்டறியப்படும் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்கு ஆனது. அந்த ஓராண்டில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறப்பட்டது. நாட்டின் முதன்மையான புற்றுநோய் ஆகிவிட்டது தைராய்டுப் புற்று. அதனால் இறந்தோர் எண்ணிக்கையோ ஆண்டுக்கு 300 முதல் 400 என்ற அளவிலேயே நின்றது. புற்று உண்மையாகவே பெருகியிருந்தால் இறப்பும் ஏறியிருக்க வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்ததால் உயிர்கள் காக்கப்பட்டிருந்தால் இறப்பு இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

கண்டறியப்பட்டோருள் ஏறத்தாழ அனைவரும் அறுவை செய்துகொண்டனர். மூன்றில் இரு பங்கினர் சுரப்பி முழுவதையும் இழந்தனர். 15,000-க்கும் மேற்பட்டோரின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டை ஒட்டிய பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டு உடலின் சுண்ணாம்புச் சத்து குலைந்திருந்தது; 2 விழுக்காட்டினருக்குக் குரல்நாண் செயலிழந்திருந்தது. சுரப்பியை முழுதாக இழந்தவர் வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை உண்ண வேண்டும். 2014-இல் மருத்துவர் குழு ஒன்று இந்தப் பரிசோதனைக்கு எதிராகப் பொதுவெளியில் குரல் கொடுத்தது, செய்தித்தாள்கள் எழுதின. அடுத்த ஓராண்டுக்குள் தைராய்டு அறுவைகள் 35 விழுக்காடு குறைந்தன. 12 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த கணிப்பு, இருபது ஆண்டுகளில் 4,70,000 பெண்களுக்கும் 90,000 ஆண்களுக்கும் தேவைக்கு மீறிய நோய்க்கண்டறிதல் நிகழ்ந்திருக்கலாம் என்று கூறியது.

இதிலிருந்து தைராய்டுப் புற்று எப்போதும் தீங்கற்றது என்ற முடிவுக்கு வருவது பெருந்தவறு. 1986-இல் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது, காற்றில் கலந்த அதே அயோடின்-131 புல்லில் படிந்து, பால் வழியே குழந்தைகளின் தைராய்டை அடைந்தது. அன்று சிறாராக இருந்தோரிடையே 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்ட தைராய்டுப் புற்றுகள் பதிவாயின. அவற்றுள் பெரும்பகுதிக்குக் கதிரியக்கமே காரணம் எனக் கருதப்படுகிறது. மருத்துவருக்கு விளக்காக இருந்த பொருள் அங்கே நோயின் வித்தாயிற்று. உண்மையான புற்று உண்டு, அது பரவும், கொல்லவும் செய்யும். சிக்கல் எங்கே என்றால், அந்தப் புற்றையும் வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடக்கும் புற்றையும் நுண்ணோக்கிகூடப் பல வேளைகளில் ஒரே பெயரிட்டு அழைக்கிறது.

அந்த வேறுபாட்டை அறியக் காலத்தையே கருவியாக்கியவர்கள் ஜப்பானின் கோபே நகரத்துக் கூமா மருத்துவமனையினர். அகிரா மியாவுச்சியின் முன்மொழிவின்படி 1993 முதல், 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, பரவும் அறிகுறியற்ற பேப்பில்லரி புற்றை உடனே அறுக்காமல், குறித்த இடைவெளிகளில் அல்ட்ராசவுண்டால் கண்காணித்து வந்தனர். 2014-இல் 1,235 பேரின் முடிவுகள் வெளிவந்தன. பத்தாண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வளர்ந்தோர் 8 விழுக்காடு. நிணநீர்க் கணுக்களில் புதிதாகப் பரவியோர் 3.8 விழுக்காடு. அவர்களுக்குப் பின்னர் அறுவை செய்யப்பட்டது. தைராய்டுப் புற்றால் ஒருவரும் இறக்கவில்லை. கொரியாவில் தேவையற்ற அறுவைக்கு வழிவகுத்த அதே கருவி, கோபேயில் தேவையற்ற அறுவையைத் தடுத்தது.

அடுத்த சில ஆண்டுகளில் மருத்துவ உலகம் தன் சொற்களையும் அளவுகோல்களையும் திருத்தியது. உறைக்குள் அடங்கிய ஒருவகைப் பேப்பில்லரி கட்டியின் பெயரிலிருந்து 'புற்று' என்ற சொல்லையே 2016-இல் நோய்க்குறியியல் வல்லுநர்கள் நீக்கினர். அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்குத் தைராய்டுப் பரிசோதனை வேண்டாம் என்று 2017-இல் அமெரிக்கத் தடுப்புமருத்துவப் பணிக்குழு பரிந்துரைத்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் கதிரியல் கல்லூரி, சிலி நாட்டு மருத்துவர்கள் 2009-இல் முன்வைத்த 'டைராட்ஸ்' முறையின் வழியில், தனக்கென ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. கட்டியின் உட்பொருள், நிறம், வடிவம், விளிம்பு, வெண்புள்ளிகள் ஆகிய ஐந்துக்கும் புள்ளிகள் இட்டு, கூட்டுத்தொகையைக் கொண்டு ஐந்து படிநிலைகளாகப் பிரிப்பர். சற்றே ஐயத்திற்குரிய மூன்றாம் படிநிலைக் கட்டி 2.5 சென்டிமீட்டர் இருந்தால்தான் ஊசிச் சோதனை. நான்காம் படிநிலைக்கு 1.5, மிகுந்த ஐயத்திற்குரிய ஐந்தாம் படிநிலைக்கும் 1 சென்டிமீட்டர். அதாவது, புற்றுபோலவே தோன்றினாலும் 8 மில்லிமீட்டர் கட்டியைப் பொதுவாகக் குத்தாமல் கண்காணிக்கலாம். வடிவத்தோடு அளவையும் சேர்த்துப் பார்க்கும் இந்த விதிக்குப் பின்னால் இருப்பது படத்தின் நுட்பம் மட்டுமன்று. கொரியாவும் கோபேயும் கற்றுத் தந்த அடக்கமும்தான்.

இந்தியா இந்த வரலாற்றின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் நிற்கிறது. கேரளத்தின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் பெண்களின் தைராய்டுப் புற்று விகிதம் நாட்டின் பல பகுதிகளைவிட வெகுவாக உயர்ந்திருக்கிறது. அம்மாநிலக் கடற்கரையின் கதிர்வீசும் தோரிய மணலை இதற்குக் காரணமாகக் கருதத் தோன்றலாம். கருநாகப்பள்ளிப் பகுதி மக்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வோ அந்த மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை. மருத்துவ வசதியும் படக்கருவிகளும் எளிதில் கிட்டும் ஒரு மாநிலத்தில், தேடுதலின் பங்கு என்ன என்பதை முதலில் கணக்கிட வேண்டியிருக்கிறது. மறுமுனையில், பல்லாண்டுக் கழலையோடு வாழ்ந்து, புற்று எலும்புவரை பரவிய பின்னரே மருத்துவமனையை அடையும் ஏழைப் பெண்களும் இந்நாட்டில் உண்டு. ஒருத்திக்குத் தேவையற்ற ஸ்கேன். மற்றொருத்திக்குக் கிடைக்காத ஸ்கேன். 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் விற்கப்படும் தொகுப்புகளில் கழுத்து அல்ட்ராசவுண்டைச் சேர்ப்பதால் இந்த இரண்டாம் பெண்ணுக்கு எந்த நன்மையும் இல்லை. அவளுக்கு வேண்டியது, வளரும் கட்டியையும் மாறும் குரலையும் பொருட்படுத்திக் கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் ஒரு மருத்துவரும், அங்கிருந்து அடுத்த நிலை மருத்துவமனைக்குச் செல்ல ஒரு வழியும்.

திசுவின் இறுக்கத்தை அளக்கும் ஒலிப்படமும், மரபணுச் சோதனைகளும், படத்தைத் தானே படித்து மதிப்பிடும் கணினி நிரல்களும் இப்போது வந்துள்ளன. இவை மருத்துவரின் கண்ணைவிடக் கூர்மையாகலாம். ஆயினும் 'இது புற்று' என்று நோய்க்குறியியலாளர் முத்திரையிட்ட படங்களைக் கொண்டு பயிற்றப்படும் நிரல், அந்த முத்திரையின் குறையையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். இது புற்றா என்ற கேள்விக்கு அது விடை சொல்லும். இந்த மனிதருக்கு இதனால் தீங்கு வருமா என்ற கேள்விக்கு அன்று. முன்னதைக் காங்ராவில் யாரும் கேட்கவில்லை. கொரியாவில் அதை மட்டுமே கேட்டனர். கோபேயில் இரண்டையும் தனித்தனியே கேட்டனர். கழுத்து ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் தம் மருத்துவரிடம் கேட்க வேண்டியது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.